பஸ் வரும்வரை வெந்த பீன்ஸ்

போன ஞாயிறு மர்பி டவுனில் அப்பா வீட்டுக்குப் போனபோது, அடுப்பின் மேல் அதே பழைய குக்கர் ஆறிக் கிடந்தது. மூடியைத் திறந்தேன். சீ! இத்தனை வருடம் கழித்தும் அதே நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குக் காலையிலேயே பொம்மனஹள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். அப்பாவுக்குப் பீன்யா ஃபாக்டரியில் மதிய ஷிப்ட். அதனால் சமையல் அவர் தலையில் விழுந்தது. அடியில் அரிசி, அதன் மேல் பருப்பு, உச்சியில் பீன்ஸோ சௌசௌவோ, எல்லாம் ஒரே குக்கரில். விசில் எண்ணுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால்தான் அடுப்பை அணைப்பார். பஸ் தாமதமானால் காய் கூழாகிவிடும். மூடியைத் திறக்காமலே ஓடிவிடுவார். சாயங்காலம் நான் வந்து திறந்தால், அவருடைய காக்கிச் சட்டை நிறத்தில் கொழகொழவென்று ஏதோ கிடக்கும், அதன் மேல் மூடியிலிருந்து சொட்டிய தண்ணீர் நிற்கும். ஒருநாள் விழுங்கப் பார்த்துத் தட்டிலேயே வாந்தி எடுத்தேன். அப்பா திட்டவில்லை. மறுநாளிலிருந்து குக்கருக்குப் பக்கத்தில் பேக்கரிக்குச் சில்லறை வைத்துவிட்டுப் போனார். முட்டை பஃப்ஸ், கார பன், உள்ளே இனிப்புத் தேங்காய் வைத்த தில்பசந்த். வனஸ்பதி வாடை விரலை விட்டுப் போகவே போகாது.

பள்ளியில் எடை பார்த்த நாளில் பி.டி. மாஸ்டர் என் எடையைச் சத்தமாகப் படித்தார். அன்றிலிருந்து என் பெயர் பூசணி. அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். பையனுக்குக் காய்கறி கொடுங்கள் என்றார் டாக்டர். தினமும் செய்கிறேன் சார், இவன்தான் தொடுவதில்லை என்றார் அப்பா. பொய்யில்லை. வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? காயை இரண்டு மடங்காக்கினார். நன்றாகக் குழைந்தால் பிள்ளை தின்பான் என்று அடுப்பையும் முன்கூட்டியே பற்றவைத்தார். சில்லறை மட்டும் நிற்கவில்லை.

கல்லூரியில் ஒரு கன்னட நண்பனின் டப்பாவில் தேங்காய் தூவிய பீன்ஸ் பல்யாவை, அதாவது பொரியலைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருந்தது. பீன்ஸ் என்றால் இதுவா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குள் நாக்கு பஃப்ஸுக்குப் பழகிவிட்டது. போன மாதம்கூட டாக்டர் என் எடையைப் பார்த்துவிட்டு அதே காய்கறி உபதேசத்தைத்தான் செய்தார்.

அப்பாவுக்கு இப்போது சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. குக்கரை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இத நீ சாப்டுவியாப்பா?"

முகத்தைச் சுளித்தார். "எனக்கு எப்பவுமே புடிக்காதுடா. கேன்டீன்ல போண்டா துன்னுட்டு வந்துருவேன். நீ வரேன்னுதான் வெச்சேன். ஒன்ன காய் சாப்ட சொல்லிக்கிறாரே டாக்டரு."

தன் வாயில் வைக்காததை அத்தனை வருடம் எனக்கு ஆக்கிப்போட்டிருக்கிறார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. குக்கரிலிருந்த அத்தனையையும் குப்பை வாளியில் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை. எண்ணெய் ஊறிய பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

"பசியோட போவாத. பஃப்ஸ் சூடா கீது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எச்சில் ஊறியது.