செம்பாக்கத்தில் அமெரிக்க அரசியல் சட்டம்

உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் பெரியவர்களைத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் பாஸாவதற்காகத் தொண்டை வற்றக் கத்தும் எல்லா டீச்சர்களும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

என் தகுதி

கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். கல்யாணமாகி செம்பாக்கம் வந்து, மகளைப் பால்வாடியில் விட்ட கையோடு பக்கத்து டியூஷன் சென்டரில் வேலை கேட்டேன். ஓனர் குடியுரிமைத் தேர்வுக்கான கேள்வி-பதில் தாள்கட்டு ஒன்றை நீட்டினார். “சார், அமெரிக்கா பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே” என்றேன்.

“அதனாலதான் உனக்குக் குடுக்கறேன். தெரிஞ்சவங்க விளக்கம் சொல்லியே கொல்றாங்க.”

மூன்று பிரிவுகள்

படிக்க வந்தவர்களில் நாகலட்சுமி ஆன்ட்டிதான் கெட்டி. கணவர் இல்லை. டெக்சாஸில் மகன் வீட்டில் இருந்து பேரன் பரத்தை வளர்த்தவர், கிரீன் கார்டோடு ஊருக்கு வந்திருந்தார். குடியுரிமை கிடைத்தால் பேரனோடு கடைசிவரை இருந்துவிடலாம், யாரும் போகச் சொல்ல முடியாது என்று விழுந்து விழுந்து படித்தார்.

அமெரிக்க அரசில் சட்டம் போட ஒரு பிரிவு, நிறைவேற்ற ஒன்று, தீர்ப்புச் சொல்ல ஒன்று. எதன் கையும் ஓங்காமல் மற்றவை பார்த்துக்கொள்ளும் என்றேன். ஆன்ட்டி மூன்றையும் விரல்விட்டு எண்ணினார்.

“எங்க வீட்ல மருமக சட்டம் போடுவா, பையன் நிறைவேத்துவான், தீர்ப்பையும் மருமகளே சொல்லிடுவா. இதுல நான் எங்கம்மா வரேன்?”

ஓர் உரிமை போதும்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்றைத் தேர்வு எடுக்கும் ஆபீசரிடம் சொன்னால் போதும். எல்லோரும் பேச்சுரிமை என்பார்கள். ஆன்ட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் மத உரிமை என்றார். ஏன் என்று கேட்டேன்.

“பையன் வீட்டு கிச்சன் அலமாரியில சாமிக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்காங்க, அதைத் தைரியமா சொல்லலாம். ஆபீசர்கிட்டப் போய் பொய் சொல்லக் கூடாது பாரு.”

மகன் கூப்பிட்டார்

ஒருநாள் பாடத்தின் நடுவே மகனிடமிருந்து போன். தான் படிப்பதை டீச்சர் எதிரிலேயே சொல்லிக்காட்டும் ஆசையில் ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, பரத் ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டான். இனிமே நீ இங்க வந்து என்ன பண்ணப் போற, குளிர்ல? கிரீன் கார்டை சரண்டர் பண்ணிடலாம். லீவுக்கு நாங்க வரோம்.”

“சரிப்பா. அவனுக்குப் பால்ல சக்கரை கம்மியா போடச் சொல்லு” என்று ஆன்ட்டி போனை வைத்தார்.

அரசாங்கம் தப்புச் செய்தால் மனுக் கொடுக்கலாம் என்றும் அந்த முதல் திருத்தத்தில் எழுதி வைத்தவர்கள், பெற்ற பிள்ளை செய்தால் எந்த ஆபீசில் கொடுப்பது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். “இன்னைக்கு இது போதுமா ஆன்ட்டி?” என்றேன்.

ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மணி ஆகலையே இன்னும். அடுத்த கேள்வியக் கேளும்மா.”