நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தவர்

சனிக்கிழமைதோறும் என் அறையின் ஜன்னல்களைத் துடைக்க வரும் வீட்டுச் சொந்தக்காரி, முதலில் என் தாத்தாவின் படத்துக்கு முன்னால் நின்று கைகூப்புவாள். மேற்கு ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. படத்தில் தாத்தா தரையைத் தொடாமல், சம்மணம் போட்டு, அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார். "யோகி?" என்று முதல் நாளே கேட்டாள். "ஒப்பா" என்றேன், தாத்தாவுக்கு இங்கே அதுதான் சொல். "ஒப்பா யோகி!" என்று கண்ணை விரித்தவள், மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிவந்து காட்டினாள்.

அவர் யோகியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கடம்பத்தூர் பக்கம் எங்கள் சேரிக்குப் பெரியதனக்காரர். புருஷன் பெண்டாட்டி சண்டையானாலும் பங்காளித் தகராறானாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடும். அதே மனிதர் ஆண்டை வீட்டு வாசலுக்குப் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணில் குந்துவார். நான் அப்போது திருவள்ளூரில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசியில் அவருக்கு மூச்சிரைப்பு முற்றியது. ஒரு படமாவது வரைந்து வைப்போம் என்று, கடை முதலாளியிடம் நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

"வாணாண்டா கண்ணு, நான் தரைலயே குந்திக்கிறேன்" என்றார்.

"உன் ஊட்ல நீ குந்துறத எவன் கேக்கப் போறான்? சும்மா குந்து தாத்தா."

உட்கார்ந்தார். காலைத் தொங்கவிடத் தெரியாமல் நாற்காலி மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். படம் முடிந்த அன்று சேரியே திரண்டு வந்து பார்த்தது. "மூக்கு பெர்சா கீதுடா" என்று வெட்கப்பட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நடவுக்கு ஆள் கூப்பிட வந்த ஆண்டையின் கணக்குப்பிள்ளையும் பார்த்துவிட்டார். "இன்னாடா, உங்கப்பன் நாற்காலி போட்டுக் குந்துற அளவுக்கு வந்துட்டானா?" என்று என் நைனாவைக் கேட்டார். அவ்வளவுதான், சேரியில் ஒருத்தருக்கும் வேலையில்லை. அடுப்புகள் அணைந்தன. ஆனால் ஒருத்தர்கூடத் தாத்தாவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது. "அந்த நாற்காலிய மட்டும் அழிச்சிடு கண்ணு. புள்ளைங்க பட்னி கெடக்குது" என்றார். முடியாது என்றேன். நைனாதான் என் வண்ணத்தைக் குழைத்து நாற்காலியை மறைத்தார். தாத்தா கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அந்தப் பாவிகள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதமே தாத்தா போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு பாதிரியார் தயவில் எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது நைனா, "நீயே எத்துனு போய்டு. இதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல" என்றார்.

இப்போது அவரே படத்தைக் கேட்கிறார். தங்கைக்குக் கல்யாணம், தாத்தாவுக்குப் படைத்துவிட்டுத்தான் தாலி. தாத்தாவுக்கென்று இருப்பது இந்த ஒரே படம். ஊரில் எல்லாருக்கும் இன்னும் ஆண்டையின் நிலத்தில்தான் வேலை. அதனால், இருக்கிறபடியே அனுப்பு, எதையும் சேர்க்காதே என்று எழுதியிருக்கிறார். நேற்று சாயங்காலம் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். சத்தியமாக மனசு வரவில்லை. செத்தும் அந்த மனிதரை அந்தரத்திலேயே வைத்துப் படைப்பதா? வண்ணங்களை எடுத்து நாற்காலியை வரைந்துவிட்டேன். நல்ல அகலமாக, கைப்பிடி வைத்து வரைந்தேன். இனி இந்தப் படம் ஊருக்குப் போக முடியாது. கல்யாணத்தன்று அங்கே வெறுஞ்சுவருக்குப் படையல் போடுவார்கள். இங்கே தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் வார்த்தைக்கு அடங்க ஒரு ஆள் இல்லாத ஊரில்.