சத்தமில்லாத இரண்டு நிமிடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் பல வருடம் ஒபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது படம் ஓட்டும் கபினில் வேலைக்குச் சேரும் இளம் ஆட்களுக்காக, இன்னும் ஆறாத ஒரு கோபத்தை எழுதுகிறேன்.

அது ஒரு அனிமேஷன் படம். விண்வெளியில் பழுது பார்க்கப் போகும் ஒரு ரோபோவின் கதை. எங்கள் மனேஜர் டிரெய்லரைக்கூடப் பார்க்கவில்லை. சின்னப்பிள்ளைகளின் கார்ட்டூன் என்று சொல்லி, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும் காலை பத்தரைக் காட்சியில் போட்டார். அந்த மூளையை என்னவென்று சொல்ல!

நடுவில், விண்கலத்தோடு கட்டியிருந்த கயிறு அறுந்து ரோபோ தனியே மிதந்து போகும். அதன் விரல்கள் அறுந்த நுனியைத் திரும்பத் திரும்பத் தடவும். அந்த இரண்டு நிமிடமும் படத்தில் ஒலியே கிடையாது. வேண்டுமென்றே அப்படி எடுத்திருந்தார்கள். முந்தின நாளே போட்டுப் பார்த்து மலைத்துப் போயிருந்தேன்.

முதல் காட்சியில் அந்த இடம் வந்ததும் கீழே நாலு பேர் "சவுண்ட், சவுண்ட்" என்று கத்தினார்கள். உடனே மனேஜரின் போன்.

"ஐசே, சவுண்ட் நிண்டு போச்சு. கெதியா ஒரு விளம்பரத்தைப் போடும்."

படமே அப்படித்தான் என்றேன். சொன்னதைச் செய்யும் என்றார். படத்தை நிறுத்திப் புடவைக்கடை விளம்பரத்தைப் போட்டேன். பிறகு சத்தம் வரும் இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

காட்சி முடிந்ததும் ஒருவர் கபினுக்கே ஏறி வந்துவிட்டார். கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடுகிறவராம். கோபத்தோடு கேட்டார்.

"ஏன் அண்ணை அதை நிப்பாட்டினியள்? என்ரை தம்பி கடலுக்கடியிலை கயிறு அறுந்து போனவன். பக்கத்திலை நான் நிண்டனான். ஒரு சத்தமும் இல்லை. உந்தப் படத்தைக் கீறி எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியேல்லை."

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். நாளைக்கு இதே காட்சிக்கு ஒருக்கால் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வந்தார். நான் கபின் கதவை உள்ளே பூட்டி, போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன். கயிறு அறுந்தது. யாரோ "சவுண்ட்" என்று தொடங்க, அந்தச் சுழியோடியின் குரல் கேட்டது.

"பேசாமல் இருங்கோ. அது அப்பிடித்தான்."

அதன்பிறகு மனேஜர் என் கதவில் அடித்த சத்தம் மட்டும்தான்.

அன்று பின்னேரமே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் படம் ஓடவில்லை என்று மனேஜர் இன்றும் சொல்கிறார். பொய். நாங்கள் ஓடவிடவில்லை. முதல் நாள் அதை நிறுத்தியது அவருடைய வாய் அல்ல, என் கை. பட்டனில் இருப்பது உங்கள் கை என்றால், போனில் யார் கத்தினாலும் அந்தக் கையை எடுத்து மடியில் வையுங்கள்.