சம்லியின் பதினேழு தாய் மீன்கள்

தாய்லாந்தின் நகோன் பாத்தோமில் சண்டை மீன் வளர்ப்பவர்கள், பிரயூனின் மீன் வம்சம் என்றால் எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்த வம்சத்துக்கு இருபது வருடமாகத் தண்ணீர் மாற்றி, கொசுப்புழு பிடித்துப் போட்டு, எந்தத் தாயை எந்த ஆணோடு சேர்ப்பது என்று முடிவு செய்தவள் அவன் மனைவி சம்லி. அவள் பேரை ஒருவனும் சொன்னதில்லை. மீன் மோதும் கொட்டகைக்குள் பெண் கால் வைத்தால் மீன் பயந்துவிடுமாம். பயப்படுவது மீனா, இவன்களா?

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன்களைக் கொஞ்ச நேரம் சின்னக் குவளையில் நிறுத்தி, அந்தத் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தாள். பிறகு ஒருநாள் வந்து சொன்னாள்.

“வயல்ல புடிக்கிற மீனைப் புது இடத்துல விட்டா பதற்ற ஹார்மோன் எகிறுதுக்கா. உங்க மீனுக்குப் பெருசா ஏறவே இல்ல. பொம்பள மீனும் ஆம்பள மாதிரியே பாயுது. ஜெயிச்ச குடும்பத்து ஆணாப் பாத்துப் பாத்துச் சேத்தீங்க, அந்த வெறி பொண்ணுங்களுக்கும் எறங்கிருச்சு.”

பிரயூன் விழுந்து விழுந்து சிரித்தான். “பொட்ட மீனுக்கு என்னம்மா வெறி? முட்ட போடத் தெரிஞ்சாப் போதும்.”

சம்லி சிரிக்கவில்லை. அன்றே தன் பதினேழு தாய் மீன்களையும் தனித்தனியாகக் காலி சாராயப் புட்டிகளில் விட்டு, ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே அட்டை சொருகினாள். பெண் மீனுக்குத் தனிப் புட்டியா என்று ஊரே கேலி பேசியது.

இந்த வருடம் தங்கை மகன் புத்த பிக்குவாகத் துறவு பூணும் விருந்துக்கு இரண்டு நாள் போனாள். திரும்பி வந்தபோது புட்டிகளில் புது ஆண் மீன்கள் இருந்தன. அவளுடைய பதினேழும் முற்றத்து மண்தொட்டியில் கிடந்தன. பதினாறு செத்து மிதந்தன, துடுப்பு கிழிந்து, செவுள் பிய்ந்து. மிஞ்சிய ஒன்று, பாதி வால் போயும், எட்டிப் பார்த்த அவளைக் கண்டு செவுளை விரித்தது.

“யார் எடுத்தது?”

“புட்டி பத்தல,” என்றான் பிரயூன்.

“நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?”

“எங்கப்பா காலத்துலேர்ந்து பொட்டைங்க ஒரே தொட்டிலதான் கெடக்கும். நீ செல்லங் குடுத்துக் கெடுத்துட்டு எம்மேல பாயாத.”

செல்லம் கொடுத்தாளாம். சம்லிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இருபது வருட உழைப்பு தொட்டியில் நாறுகிறது, இவன் அப்பன் பெருமை பேசுகிறான்.

“அதான் ஒண்ணு பொழச்சிருக்குல்ல,” என்றான் அவன். “புண்ணு ஆறட்டும். என் சாம்பியனோட விடு. வம்சம் அத்துப் போயிரக் கூடாது.”

சம்லி அந்த மீனைப் புட்டியில் அள்ளி, துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எங்கடி போற?”

“தங்கச்சி வீட்டுக்கு. இது போடுற குஞ்சுங்களுக்கு இனிமே எம் பேரு.”

“அப்ப என் சாம்பியன்?”

“முட்டைய வெச்சுக் காக்க நல்லா நுரைக்கூடு கட்டுமே,” என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. “முட்டையையும் அதையே போடச் சொல்லுங்க.”