வாரத்துக்கு ஒரு எண்

பயிற்சி முடிந்து வருகிற சட்டைகள் எல்லாம் உள்பக்கம் வெளியே புரண்டுதான் வரும். தோள்கவசத்தோடு சேர்த்து உரித்துப் போடுவார்கள். வேர்வையில் முறுக்கிக் கிடப்பதைத் திருப்புவதற்குள் என் விரல் மூட்டெல்லாம் வலி எடுத்துவிடும். அந்த வருஷம் ஒரே ஒரு சட்டை மட்டும் கைகளை ஒழுங்காக இழுத்துத் திருப்பி, கூடையின் மேலாக வைக்கப்பட்டிருந்தது. யார் என்று எண்ணைப் பார்த்தேன். பதினொன்று. அடுத்த வாரம் அதேபோல வந்தது எண்பத்து நாலு. அதற்கடுத்த வாரம் மூன்று.

மிசிசிப்பியில் எங்கள் கல்லூரியில், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பையன்களின் துணிகளைப் பதினாறு வருஷமாகத் துவைக்கிறேன். பையன்களை எண் சொல்லித்தான் ஜெபத்தில் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பேன். இவனை எந்த எண்ணில் சொல்வது?

சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ரூஸ்வெல்டிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரே பையன்தான், வெர்லீன். குச்சி மாதிரி இருப்பானே, கோர்டெல் மேப்ரி. சனிக்கிழமை எந்த டீமோட ஆட்டமோ, அவங்கள்ல பந்து பிடிக்கிற ரிசீவரோட நம்பரை மாட்டிக்கிட்டு வாரம் பூரா அவனாட்டமே ஓடணும். அப்பதானே நம்ம பசங்க அவனைத் தடுக்கப் பழக முடியும்."

"அப்ப இவனோட சொந்த நம்பர்?"

"எண்பத்தாறு. அது பெட்டியில தூங்குது. இவன் எங்க ஆட்டத்துல இறங்கப் போறான்?"

அன்றிலிருந்து அவனைப் பேர் சொல்லி ஜெபித்தேன். துணி போட வரும்போது, "இந்த வாரம் யாருப்பா நீ?" என்று கேட்பேன்.

"இவன் கொஞ்சம் சோம்பேறி, மிஸ் வெர்லீன். பந்து தனக்கு வராதுன்னு தெரிஞ்சா கையைத் தொங்கப் போட்டுடுவான்" என்பான். எதிராளிகளின் வீடியோவை அப்படி உட்கார்ந்து பார்ப்பான்.

அவன் அம்மா கெளுத்தி மீன் ஆலையில் மீன் வெட்டுகிறாள். ஒரு வருஷப் படிப்புச் செலவை எப்படியோ சமாளித்தாள். ஆட்டத்தில் இறங்கிப் பந்து பிடித்தால்தான் கல்லூரி உதவித்தொகை தரும். இல்லாவிட்டால் கோடையில் அவனும் கத்தியோடு அம்மா பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

அக்டோபர் கடைசியில் எங்கள் ரிசீவர்கள் இரண்டு பேருக்குக் காலில் அடி. எண்பத்தாறு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நான்தான் சுருக்கம் நீவிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் பந்து அவனுக்காக ஓரக்கோட்டுப் பக்கம் பறந்தது. அவனோ மைதானத்தின் நடுப்பக்கம் திரும்பி ஓடினான். அந்த வாரம் பூரா எதிராளி ரிசீவராக ஓடிப் பழகிய ஓட்டம் அது. ஓரத்தில் நின்ற எதிராளி பந்தைச் சும்மா பிடித்துக்கொண்டு போனான். தோற்றோம்.

"டேய் மேப்ரி, அவங்க பஸ் இன்னும் கிளம்பல. ஓடிப் போய் ஏறிக்கோ" என்று நடைவழியில் ஒருவன் கத்தினான்.

அன்றும் சட்டையைத் திருப்பித்தான் கொண்டுவந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் நான் அவங்க ஆளு. சனிக்கிழமை ஆனது என் காலுக்குத் தெரியல, மிஸ் வெர்லீன்."

அதற்குப் பிறகு கோச் அவனை இறக்கவேயில்லை.

ஜனவரியில் அவனுக்கு ஒரு போன் வந்தது. அன்று எங்களை ஜெயித்த டீமின் கோச். "எங்க ஆள் திரும்புறதுக்கு முன்னாடி இடது காலை லேசா இழுப்பான். அன்னிக்கு ஆட்டத்துல அதைக்கூட விடாம அவனாட்டமே ஓடினியே தம்பி. அவன் படிப்பு முடிச்சுப் போறான். படிப்புச் செலவு எங்களோடது. வர்றியா?"

ரூஸ்வெல்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

கிளம்புகிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு சலவை அறை வாசலுக்கு வந்தான்.

"அங்கயாவது உன் நம்பரைப் போடுவியா?"

"எண்பத்தாறையே கேட்டிருக்கேன், மேம்." கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான். "நாங்க இங்க ஆட வர்ற வாரம், உங்க பையன் ஒருத்தன் அந்த நம்பரைப் போட்டுக்கிட்டு என்னாட்டமே ஓடுவான். துவைக்கப் போடும்போது சட்டையைத் திருப்பிப் போடச் சொல்லுங்க. நான் அப்படித்தான் போடுவேன்னு சொல்லுங்க."