முத்துச்சாமி தறியும் எட்டாம் வாய்ப்பாடும்

சின்னாளப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் வேலுமணி பி.ஏ. படித்தான். பையனாக இருந்தபோது அவனையும் தறிக்குழியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் மிதித்தால் கை மறந்துவிடும், கை இழுத்தால் கால் தூங்கிவிடும். அவன் நெய்த முதல் சேலையை விரித்துப் பார்த்த அப்பா, "இவனப் படிக்கப் போடுங்க, நூலாவது மிஞ்சும்" என்றார். அப்படித்தான் அந்தத் தெருவுக்கு ஒரு பட்டதாரி கிடைத்தான்.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் தெருப் பள்ளிக்கூடம் பிறந்தது. அரசுப் பள்ளி மதுரை ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகளுக்குப் பயந்து சின்னப் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. வீட்டிலேயே தறிக்குக் குறுக்கு நூலைத் தாராகச் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள். நாமே ஒரு பள்ளிக்கூடம் வைத்தால் என்ன என்று தெரு யோசித்தது. நெசவாளர் முத்துச்சாமி தன் தறிக் கொட்டகையில் பாதியைக் கொடுத்தார். நடுவில் ஒரு மூங்கில் தட்டியை வைத்து, இந்தப் பக்கம் தறி, அந்தப் பக்கம் படிப்பு என்று பிரித்தார்கள். சும்மா இருக்கும் ஒரே ஆள் என்பதால் வேலுமணி வாத்தியார் ஆனான்.

பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். வாய்ப்பாடு சொன்னால் தெருவே நின்று கேட்கும். தனக்குள் இப்படி ஒரு வாத்தியார் ஒளிந்திருந்தானா என்று வேலுமணிக்கே ஆச்சரியம். நிஜமாகவே நமக்குப் பாடம் நடத்த வருகிறதா என்ற சந்தேகமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அதை அடக்கிவிடுவான்.

1986இல் கல்வி அலுவலகத்திலிருந்து ரோசலின் என்ற அதிகாரி சோதிக்க வருவதாகச் செய்தி வந்தது. அவர் சரி என்றால் பெரிய பிள்ளைகள் நேராக அரசுப் பள்ளி ஆறாம் வகுப்பில் சேரலாம். இல்லையென்றால் இங்கே படித்தது படிப்பே இல்லை.

"ஆபீசரம்மா இல்லேன்னுட்டா என் மகளத் தார் சுத்த உக்கார வச்சிருவேன், பி.ஏ. தம்பி. அப்புறம் என்னைய வையக் கூடாது" என்றாள் எதிர்வீட்டுச் சுந்தரம்மாள். மற்ற தாய்மார்களும் தலையாட்டினார்கள்.

வேலுமணி தேதியைக் குறித்துக்கொண்டான். கல்லூரிக்குப் போனதிலிருந்து அவன் இங்கிலீஷ் தேதிதான் பார்ப்பான், பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

ரோசலின் வந்து நாற்காலியில் அமர்ந்தார். "எட்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று, கைகட்டி, வாயைத் திறந்தார்கள். சத்தம் வரவில்லை. "ஓரெட்டு எட்டு" என்று ஒருத்தி தொடங்கி, தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தட்டியைப் பார்த்தார்கள். அப்போதுதான் வேலுமணிக்கு உறைத்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அமைதி. அன்று அமாவாசை. நெய்தால் சாமி குத்தம் என்று தெருவில் ஒரு தறியும் ஓடாது.

இத்தனை நாளும் பிள்ளைகள் தறியின் அடிக்கு ஓர் அடியாக வாய்ப்பாடு படித்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தது இவன் இல்லை, தறி.

தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினான். முத்துச்சாமி குளித்து, திருநீறு பூசி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, செத்த நேரம் தறியில உக்காருங்க."

"அமாவாசையும் அதுவுமாவா? போடா."

"அப்ப நான் உக்காரவா?"

"நீயா?" என்று முத்துச்சாமி பேப்பரைக் கீழே வைத்தார். "தறி உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"ஊடை நூலு போட மாட்டேன் மாமா. சும்மா சத்தம் மட்டும். அது நெசவுல சேராதுல்ல?"

அவர் யோசித்து முடிப்பதற்குள் வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டான். தறிப் பலகை அடித்தது. தட்டிக்கு அப்பால் பிள்ளைகள் உயிர் பெற்றார்கள். ஆனால் அவன் நெசவு அன்றும் அந்தப் பழைய நெசவுதான். ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். அதற்கடுத்த இரண்டு அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். "ஈரெட்டு... பதினாறு... மூவெட்டுநாலெட்டு..." என்று பிள்ளைகள் பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்தார்கள்.

முத்துச்சாமி காதைப் பொத்தினார். பல்லைக் கடித்தார். கடைசியில் தாங்க முடியாமல், "எந்திரிடா ஏலே! சாமி குத்தத்தக்கூடப் பொறுத்துக்குவேன், இத என்னால கேக்க முடியல!" என்று அவனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தானே இறங்கினார். அதன் பிறகு வாய்ப்பாடு பதினாறெட்டு வரை வழுக்கிக்கொண்டு போனது.

ரோசலின் தட்டிக்குப் பின்னால் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், ஆறாம் வகுப்புல தறி கிடையாதே. அங்க என்ன செய்வாங்க?"

அந்தக் கேள்வியை வேலுமணியே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அரசுப் பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இன்னொரு அமாவாசைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கணக்கு நேரம் வந்தால் வேலுமணி தட்டியைத் தட்டுவான். முத்துச்சாமி தறியை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவார். "வாத்தியாரு என் பொழப்பையும் படிப்புல சேத்துட்டான்" என்று கடையில் புலம்புவார். வேலுமணி புளியங்கொட்டைகளைத் தரையில் எட்டெட்டாகப் பரப்பினான். ஏன் நாலெட்டு முப்பத்திரண்டு என்பதை முதல்முறையாகப் பிள்ளைகளுக்குக் காட்டினான். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கும் அது புரிகிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ரோசலின் சொன்னபடி ஓர் அமாவாசையன்று வந்தார். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சுந்தரம்மாள் தட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் அசையாமல் நின்று பதினாறெட்டு வரை சொன்னார்கள். நடுவில் மறித்துக் கேட்டதற்கும் பதில் வந்தது.

பேனாவைத் திறந்த ரோசலின், ஏதோ சத்தம் கேட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த வேலுமணியின் கால்கள் தறி மிதிப்பதுபோல் மாற்றி மாற்றி மண்தரையை மிதித்துக்கொண்டிருந்தன, தாளமே இல்லாமல்.

"பிள்ளைங்க எல்லாம் ஆறாம் வகுப்புல சேரலாம்" என்றார் அவர். "வாத்தியார்தான் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே படிக்கணும்."