துடைத்த இலைகள்

எனக்கு நெஞ்சுச் சளி முற்றியபோது, தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பை இனி முதுகில் தூக்கக் கூடாது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் கிராணி யோசித்து, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு உதவியாளாக என்னைப் போட்டார்.

"இலை பொறுக்கிற வேலை லா. அந்தம்மா இருக்கிற வரைக்கும்தான். அப்புறம் பழையபடி பம்புதான்."

அந்தப் பெண் தேயிலையின் மேல் படிந்திருக்கும் மெழுகை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத மெழுகு. சிவப்புச் சிலந்திப் பூச்சி ஏறாத செடிகளில் அது வேறு மாதிரி இருக்குமோ என்பது அவர் சந்தேகம். அப்படிப்பட்ட இருபது செடிகளுக்கு ரிப்பன் கட்டி, ஆறு மாதம் காத்திருந்தோம். செடிகளை மொட்டையாகக் கவாத்து வெட்டுவதற்கு முந்தின நாள் காலையில் இலை எடுக்க வேண்டும். அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல்.

"அண்ணே, நீங்களே எடுத்துருங்க. கையுறை போட்டுக்குங்க. காம்ப மட்டும் பிடிங்க, இலையில விரல் படக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம்.

விரல் படவில்லை. ஆனால் இலையெல்லாம் பனி. ஈரக் கொழுந்தைக் கொண்டுபோனால் நிறுவையில் கழித்துவிடுவார்கள். ஈரத்தோடு எதையும் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. துவைத்த துண்டால் ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

மறுநாள் காலை அவர் பெட்டியைத் திறந்தார். மலையில் கவாத்து மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து பனி இல்லையாண்ணே? இவ்ளோ காய்ஞ்சிருக்கு."

துடைத்ததில் மெழுகும் போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். வேலை இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அவர் முதல் இலையை இடுக்கியால் எடுத்து, மெழுகைக் கரைக்கும் மருந்துப் புட்டிக்குள் விடப் போனார்.

"தொடச்சிட்டேன் மிஸ்."

"எத்தன இலை?"

"எல்லாமே."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "நான்தான் சொல்லியிருக்கணும்," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மலைக்கு ஓடினேன். பாதியில் இருமல் உட்கார வைத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ரிப்பன்கள் வெறும் குச்சிகளில் தொங்கின. வெட்டிப் போட்டதெல்லாம் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு நல்ல இலையாவது கிடைக்குமா என்று முட்டிபோட்டுத் தேடினேன்.

அடுத்த வாரம் அவர் கிளம்பிவிட்டார். நான் இப்போது பம்பு தூக்குகிறேன். அடிக்கும் மருந்து இலையில் முத்து முத்தாக நின்று உருண்டு விழுகிறது. மெழுகுதான் அதைத் தள்ளுகிறது என்று அவர் காட்டியிருக்கிறார். இருமல் வந்தால், பம்பை இறக்காமல் குனிந்து நிற்கிறேன்.